பழைய பற்றரியை யாரிடம் கொடுப்பது, அதற்கு யார் பொறுப்பு?

திருகோணமலை மாவட்டத்து நிலாவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்தும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் இன்வேர்ட்டருக்காக அவர் வாங்கிய நான்கு பற்றரிகளும் இப்போது சார்ஜ் நிற்காமல் போய்விட்டன. பற்றரிக் கடைக்காரர் புதியதன் விலையில் கழித்துக்கொள்வதாகச் சொன்ன தொகையைவிட, வாசலுக்கு வரும் பழைய இரும்பு வியாபாரி கூடுதலாகத் தருகிறார். அவரிடம் கொடுப்பதில் என்ன பிழை? பழைய பற்றரியைக் குப்பையில் எறிபவர் எவருமில்லை, எல்லாம் காசுக்குப் போய், உருக்கப்பட்டு, மீண்டும் பற்றரியாகத்தானே வருகின்றன. அப்படியிருக்க, விற்ற கம்பனியே திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று பல நாடுகள் ஏன் சட்டம் போடுகின்றன? கூடவே, மேசை இழுப்பறையில் கிடக்கும் டோர்ச் பற்றரிகளையும் வீங்கிப்போன போன் பற்றரியையும் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் கவனித்தது சரிதான். ஈயமும் அசிட்டும் உள்ள பற்றரி, காரில் இருந்ததாயினும் முச்சக்கர வண்டியில் இருந்ததாயினும், தெருவோரம் கேட்பாரற்றுக் கிடந்து நான் பார்த்ததில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் வாகன மின்வேலையும் பற்றரி வேலையும் செய்து, பின்னர் அதையே பயிற்சி மாணவர்களுக்குக் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆனால் பற்றரி ஒருவர் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதும், அது ஒழுங்காக மீள்சுழற்சி செய்யப்படுகிறது என்பதும் வேறு வேறு செய்திகள். ஈயப் பற்றரியைப் பொறுத்தவரை என் கவலை முழுவதும் அது எந்த அடுப்பில் உருகுகிறது என்பதில் இருக்கிறது. டோர்ச் பற்றரியிலும் போன் பற்றரியிலும் நிலைமை தலைகீழ்: அவற்றை வாங்க எவரும் வாசலுக்கு வருவதில்லை. விற்ற கம்பனியே பழையதற்கும் பொறுப்பேற்கும் ‘உற்பத்தியாளர் பொறுப்பு’ என்ற ஏற்பாடு இவ்விரண்டு இடங்களிலும் இரண்டு வேறு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் இதுபற்றிய பேச்சு பெரும்பாலும் குழம்பிப்போகிறது.

முதலில் உங்கள் நான்கு பற்றரிகளை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் கஸ்தோன் பிளாந்தே 1859இல் செய்த பற்றரியின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. ஒரு தகட்டில் ஈயம், மறு தகட்டில் ஈயவீரொட்சைட்டு, இரண்டுக்கும் நடுவில் நீர் கலந்த சல்பூரிக் அமிலம். இப்படி இரண்டு வோல்ட் தரும் அறைகள் ஆறு சேர்ந்தால் 12 வோல்ட் பற்றரி. மொத்த நிறையில் ஏறக்குறைய 60 சதவீதம் ஈயம். இன்வேர்ட்டருக்கு வைக்கும் 150 அம்பியர் மணி பற்றரி ஒன்று 50 கிலோவுக்கு மேல் இருக்கும். அதில் 30 கிலோ ஈயம், பத்து லீற்றருக்கு மேல் அசிட். நான்கையும் கூட்டிப் பார்த்தால் உங்கள் மாடிப்படியின் கீழே 120 கிலோ ஈயம் இருக்கிறது. ஈயத்தை எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் கெடுவதில்லை. உலகில் பயன்படும் ஈயத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் பற்றரிக்கே போகிறது. அதனால்தான் அதற்கு எப்போதும் விலை உண்டு.

இனி, வாசலில் விற்ற பற்றரியின் பயணம். கிலோ கணக்கில் வாங்குபவருக்கு அசிட் வெறும் பாரம். அதற்கு விலை இல்லை, வண்டியில் சிந்தினால் நட்டம். ஆகவே முதல் வேலையாக மூடிகளைக் கழற்றிப் பற்றரியைக் கவிழ்த்துவிடுவார்கள். அந்த அசிட் தெளிந்த தண்ணீரைப் போலத் தோன்றினாலும், தகடுகளிலிருந்து உதிர்ந்த ஈயத் தூள் அதில் மிதந்துகொண்டிருக்கும். பிறகு கோடரியால் பெட்டியின் மேற்பக்கத்தைப் பிளந்து தகடுகளை வெளியே இழுப்பார்கள். தகடு என்று நாம் சொல்வது ஒரே உலோகத் துண்டு அன்று; வலைபோன்ற ஈயச் சட்டம் ஒன்று, அதன் கண்களுக்குள் அப்பிய பசை ஒன்று. இந்தப் பசை காய்ந்தால் கபில நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் மாவாக உதிரும். விரலால் தொட்டால் ரேகை முழுவதும் ஏறிக்கொள்ளும். சட்டம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும், விறகு அடுப்பே போதும். பசை அந்தச் சூட்டில் உருகாது. அதற்கு ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட உலையும், கரியும், புகையை வடிக்கும் ஏற்பாடும் வேண்டும். ஆனால் பற்றரியின் ஈயத்தில் ஏறக்குறைய பாதி அந்தப் பசையில்தான் இருக்கிறது. ஆகவே கொல்லைப்புற அடுப்பில் உருக்குபவர் பாதி ஈயத்தை எடுத்துக்கொண்டு, மற்றப் பாதியைக் கசடாகவும் தூளாகவும் தன் வளவிலேயே கொட்டிவிட்டுப் போகிறார். இது மீள்சுழற்சி என்ற பெயருக்கே பொருந்தாது.

முறையான ஆலையில் நடப்பது வேறு. அசிட்டோடு வரும் பற்றரியை மூடிய இயந்திரத்தில் நொறுக்குவார்கள். நொறுங்கியதைத் தண்ணீரில் விட்டால் பெட்டியின் பிளாஸ்டிக் மிதக்கும், ஈயம் தாழும். அசிட்டை நடுநிலைப்படுத்துவார்கள், பசையிலுள்ள கந்தகத்தைச் சோடாவால் பிரிப்பார்கள், உலைப் புகையைத் துணிப்பை வடிகட்டிகள் வழியே விடுவார்கள், மிஞ்சும் கசடைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு.

நம் கரையோரத்துக்கே உரிய இன்னொரு வழியும் இருக்கிறது; இதைப் பற்றி எவரும் எழுதுவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைப் பல இடங்களில் மீன்பிடிப்பவர்கள் வீட்டிலேயே வார்த்துக்கொள்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் கடலோரக் கிராமம் ஒன்றில் இதைப் பார்த்தேன். வாடிக்குப் பின்னால் மூன்று கல், அதன்மேல் பழைய தாச்சி, அதற்குள் உடைத்த பற்றரியின் சட்டங்களும் முனைக்கட்டிகளும். உருகியதும் மேலே படரும் ஏடு முதலில் மஞ்சளாகவும் பிறகு நீலமும் ஊதாவுமாகவும் நிறம் மாறியது. அகப்பையால் அந்த ஏட்டை வழித்து மணலில் தட்டிவிட்டு, கீழே வெள்ளிபோல மின்னியதை அச்சில் ஊற்றினார் வீட்டுக்காரர். ஆறிய குண்டுகளைப் பொறுக்கி வாளியில் போடுவது அவருடைய ஆறு வயதுப் பிள்ளையின் வேலை. பிள்ளை அதைப் பெருமையோடு செய்தது. வேலை முடிந்ததும் அதே கையால் பிஸ்கட் வாங்கித் தின்றது. அவர்கள் கவனமற்ற பெற்றோர் அல்லர். கடலுக்குப் போகும்போது அந்தப் பிள்ளையை அலைக்குக் கிட்டப் போகவிடாதவர்கள். மணலில் தட்டிய அந்த ஏடு ஈய ஒட்சைட்டு என்பதை அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஈயம் உடம்பில் செய்வது இதுதான்: அது கல்சியத்தைப்போல வேடமிட்டு உள்ளே போய், எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும்; தாய் கருவுற்றால் எலும்பிலிருந்து கரைந்து குழந்தைக்குப் போகும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் வளர்ந்தவரின் உடல் ஏற்றுக்கொள்வதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு பிள்ளையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையின் உடல் இன்னும் கூடுதலாக ஏற்கும். இரத்தத்தில் இந்த அளவுவரை ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூளை வளர்ச்சி குறையும், படிப்பில் கவனம் நிற்காது, இரத்தசோகை வரும். இவற்றில் எதுவும் தனியாக வந்து தன் பெயரைச் சொல்வதில்லை. நான் சிறுவயதில் தொழில் பழகிய பட்டறையில் பற்றரித் தகடு மாற்றிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவருக்கு அடிக்கடி வயிறு முறுக்கிப் பிடிக்கும். கடைசி வருடங்களில் மணிக்கட்டு தொங்கிப்போய் ஸ்பனரை இறுக்க முடியாமல் போனது. வாயுக்கோளாறு என்றே மருந்து எடுத்தார். அவருடைய ஈறின் ஓரமாக நீலக்கோடு ஒன்று இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், வெற்றிலைக் கறை என்று நினைத்தோம். ஈயம் ஏறியதன் அடையாளம் அது என்று நான் புத்தகத்தில் படித்தபோது அவர் இல்லை.

செனகல் நாட்டுத் தலைநகர் டாக்காருக்கு அருகே தியாரோயே சுர் மேர் என்ற கடலோரப் புறநகர் இருக்கிறது. அங்கே பழைய பற்றரிகளை உடைத்து உருக்கும் வேலை பல காலம் நடந்து, மண்ணெல்லாம் ஈயமானது. ஈயத்தின் விலை ஏறியபோது மக்கள் அந்த மண்ணையே தோண்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். யுனிசெப் 2020இல் வெளியிட்ட ஆய்வு, உலகில் மூன்றில் ஒரு பிள்ளையின், அதாவது 80 கோடிவரையான பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாகக் கணித்தது. பற்றரிகளை முறையின்றி உருக்குவதை அதன் முக்கிய காரணங்களில் ஒன்றாகவும் அது சுட்டியது.

நம் பகுதிக்கு இதில் தனியான ஆபத்து ஒன்று உண்டு. நிலாவெளியிலிருந்து குச்சவெளி, புல்மோட்டைவரை கரையோரத்தில் நாம் குடிப்பது மணல் நீர்ப்படையின் தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது, கிணறும் ஆழமில்லை. களிமண் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மணல் அவ்வளவாகப் பிடிக்காது. அசிட்டும் சேர்ந்து ஊற்றப்பட்டால் ஈயம் இன்னும் எளிதாகக் கரைந்து இறங்கும். விடுதி நடத்துகிற உங்களுக்கு உங்கள் கிணற்றின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் கேட்ட விலைக்கு வருவோம். வாசல் வியாபாரி ஏன் கூடுதலாகத் தர முடிகிறது? கொல்லைப்புறத்தில் உருக்குபவருக்கு வடிகட்டி இல்லை, அசிட்டுக்குச் செலவில்லை, தொழிலாளிக்கு இரத்தப் பரிசோதனை இல்லை. அந்தச் செலவை எல்லாம் மண்ணும் கிணறும் பிள்ளைகளும் ஏற்கின்றன. மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பங்கு உங்களுக்குக் கூடுதல் விலையாக வருகிறது. ஒழுங்காக ஆலை நடத்துபவர் அவரோடு விலையில் போட்டியிட முடியாது. சந்தையைத் தன் போக்கில் விட்டால் பற்றரி முழுவதும் சேரும், ஆனால் பிழையான அடுப்புக்குப் போய்ச் சேரும். இந்த விலை இடைவெளியை யாராவது நிரப்ப வேண்டும். பற்றரியை விற்று இலாபம் பெற்றவர் நிரப்பட்டும் என்பதுதான் உற்பத்தியாளர் பொறுப்பு. அன்றாடம் அலைந்து இரண்டு பற்றரி சேர்க்கும் ஏழை வியாபாரியை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. அவர் இல்லாவிட்டால் பற்றரி வீட்டை விட்டே வெளியே வராது. அவரையும் இந்த ஏற்பாட்டுக்குள் பதிவு செய்து, முறையான கடைக்குக் கொண்டுவந்தால் கூலி என்று வைப்பதே நியாயம்.

இந்த எண்ணத்துக்கு அப்பெயரைக் கொடுத்தவர் சுவீடன் நாட்டின் தோமஸ் லிண்ட்குவிஸ்ட், ஆண்டு 1990. பொருளை வடிவமைத்து விற்றவரின் பொறுப்பு, அது பழுதாகி முடியும்வரை நீள வேண்டும் என்றார். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இதைப் பற்றரிக்குச் சட்டமாக்கியது. சிறு பற்றரிகளில் 2012க்குள் 25 சதவீதம், 2016க்குள் 45 சதவீதம் திரும்பச் சேர்க்கப்பட வேண்டும் என்றது. 2023இல் வந்த புதிய சட்டம் அதை 2027 முடிவில் 63, 2030 முடிவில் 73 சதவீதம் என்று உயர்த்தியது. அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சேகரிப்பு இலக்கைவிட அடுத்த படிதான்: சேர்த்ததிலிருந்து எவ்வளவு மீட்டாய் என்று அது கேட்கிறது. ஈயப் பற்றரியின் நிறையில் 2025 முடிவில் 75 சதவீதம் மீட்கப்பட்டிருக்க வேண்டும், 2030 முடிவில் 80. இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் கொல்லைப்புற அடுப்பு அங்கேயே தோற்றுவிடும்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா சாட்சி. 2001இல் அவர்கள் போட்ட விதி, முதல் ஆண்டு 50, இரண்டாம் ஆண்டு 75, பிறகு 90 சதவீதம் பழைய பற்றரியை உற்பத்தியாளர் திரும்பப் பெற வேண்டும் என்றது. இலக்கு பெரியது, ஆனால் பற்றரி கைமாறும் வழியைப் பின்தொடர ஆளில்லாததால் முறையற்ற உருக்கு வேலை தொடர்ந்தே வந்தது. 2022 ஓகஸ்டில் புதிய விதிகள் வந்தன. இப்போது பதிவுபெற்ற மீள்சுழற்சியாளர் தரும் சான்றிதழைக் காட்டித்தான் உற்பத்தியாளர் தன் கடமையை நிறைவேற்ற முடியும், தவறினால் சுற்றாடல் இழப்பீடு கட்ட வேண்டும்.

நம் நாட்டில் எதுவுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரி 1இல் வெளியான 1534/18ஆம் இலக்க விசேட வர்த்தமானி, ஆபத்தான கழிவுகளை அட்டவணைப்படுத்தியது. அவற்றைச் சேகரிப்பவர், ஏற்றிச் செல்பவர், களஞ்சியப்படுத்துபவர், மீட்பவர் எல்லோரும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற வேண்டும். பழைய ஈயப் பற்றரி இந்த வகைக்குள் வருகிறது. ஆபத்தான கழிவு எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் இலங்கை 1992இலேயே சேர்ந்துவிட்டது. பழைய பற்றரியை, வாங்கும் நாட்டின் முன் சம்மதமின்றி ஏற்றுமதி செய்ய முடியாது. ஆனால் 2008 விதிகள் கழிவைக் கையாள்பவரையே பிடிக்கின்றன. விற்றவரைப் பார்த்து, நீ விற்றதில் இவ்வளவைத் திரும்பக் கொண்டுவா என்று அவை கேட்பதில்லை. இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

அந்த இடைவெளியை நிரப்புவது இலங்கையில் பலரும் நினைப்பதைவிட எளிது. சிறு பற்றரியும் லித்தியம் பற்றரியும் ஏறக்குறைய முழுவதும் கப்பலில் வருபவை; உற்பத்தியாளர் என்று சட்டம் எழுதும்போது இறக்குமதியாளரையும் அதில் அடக்கி எழுதுவதே உலக வழக்கம். ஆகவே சுங்கத்தில் பொருள் இறங்கும் இடத்திலேயே இன்னார் இவ்வளவு கொண்டுவந்தார் என்ற கணக்குக் கிடைத்துவிடும். ஈயப் பற்றரிக்கு வைப்புப் பணம் வேண்டும். ஜேர்மனியில் பழையதைக் கொடுக்காமல் வாகனப் பற்றரி வாங்கினால் 7.50 யூரோ கூடுதலாகக் கட்டி, பழையதைக் கொடுக்கும்போது திரும்பப் பெற வேண்டும். நம் கடைக்காரர்கள் பழைய பற்றரிக்காகப் புதியதன் விலையில் கழித்துக்கொள்வதும் ஏறக்குறைய இதே பழக்கம்தான், எழுதப்படாத சட்டமாக நெடுங்காலம் இருந்து வருகிறது. ஆனால் வைப்புப் பணம், வாசல் வியாபாரிக்கும் கடைக்காரருக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் பற்றரி கடைக்குத் திரும்பும்.

போக்குவரத்தைக் காரணம் காட்டுபவர்கள் உண்டு. கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 260 கிலோமீற்றர். பழைய பற்றரிக்காக லொறி அனுப்பினால் கட்டாது என்பார்கள். தனி லொறி தேவையில்லை. புதிய பற்றரி ஏற்றி ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் லொறி திரும்பிப் போகும்போது பெரும்பாலும் வெறுமையாகவே போகிறது. கசியாத பிளாஸ்டிக் தட்டும், அடுக்குகளுக்கு நடுவே மட்டையும், நிமிர்த்தி அடுக்கும் பழக்கமும் இருந்தால் அதே லொறி பழையதைக் கொண்டுபோகும். விலைக்கு ஒரு நிபந்தனையும் வேண்டும்: அசிட்டோடு வரும் பற்றரிக்கு முழு விலை, வடித்துவிட்டு வருவதற்குக் குறைந்த விலை. இந்த ஒரு வரி போதும், அசிட் மண்ணில் ஊற்றப்படுவது பெருமளவு நின்றுவிடும்.

இந்த மாவட்டத்தில் பற்றரி அதிகம் சேரும் இடங்கள் வீடுகள் மட்டும் அல்ல. தொலைபேசிக் கோபுரங்கள், பேருந்து டிப்போக்கள், விடுதிகள், துறைமுகத்தைச் சுற்றியுள்ள தொழிலிடங்கள், யானைகளைத் தடுக்கச் சூரிய ஒளியில் இயங்கும் மின்வேலிகள் எல்லாவற்றிலும் பற்றரி உண்டு. பாவனைக்கு உதவாதவை என்று அவற்றைக் கழிக்கும்போது கூடிய விலை கேட்டவருக்கே போகும். அந்த விலைமனு அறிவித்தலில், வாங்குபவர் சுற்றாடல் அதிகாரசபையின் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்று சேர்த்தால் பல தொன் ஈயம் ஒரே நாளில் சரியான வழிக்குத் திரும்பும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் உரிமம் பெற்ற உருக்காலையில் வார்த்த ஈயக்குண்டுகளை மொத்தமாக வாங்கி, பழைய ஈயத்துக்கு மாற்றாகக் கொடுத்தால் வாடிக்குப் பின்னாலுள்ள அந்தத் தாச்சியும் அடுப்பை விட்டு இறங்கும். அந்தச் செலவில் பங்கெடுக்கப் பற்றரி விற்பவர்களைக் கேட்பது முறையே என்பது என் எண்ணம்.

டோர்ச் பற்றரியின் கதை வேறு. துத்தநாகமும் மங்கனீசு ஒட்சைட்டும் உள்ள அந்தச் சிறு பொருளை மீட்கும் செலவு, மீட்ட பொருளின் விலையைவிடக் கூடியது. எனவே அதற்குச் சந்தை இல்லை. வாங்கும்போதே விலையில் சேர்த்துச் சிறு தொகை எடுத்தால்தான் சேகரிப்பு நடக்கும். பெல்ஜியத்தில் உற்பத்தியாளர்கள் 1995இல் சேர்ந்து அமைத்த பெபாட் என்ற நிறுவனம் பாடசாலைகளிலும் கடைகளிலும் பெட்டி வைத்து இதைத்தான் செய்கிறது. நம் ஊருக்கும் பாடசாலையே நல்ல இடம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு டோர்ச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள், தேய்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னொரு செய்தி கேட்டவர்கள் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள். பற்றரியின் பெறுமதி தெரிந்த அந்தத் தலைமுறை, அதைத் திரும்பச் சேர்ப்பதற்கும் முன்வரும் என்றே நம்புகிறேன். கைக்கடிகாரத்திலும் விளையாட்டுப் பொருளிலும் வரும் பொத்தான் பற்றரியை மட்டும் எந்தப் பெட்டிக்காகவும் காத்து வீட்டில் திறந்து வைக்க வேண்டாம். பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைக் கடுமையாக எரித்துவிடக்கூடியது அது. சந்தேகம் வந்தாலே உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

போனில் இருக்கும் லித்தியம் அயன் பற்றரி 1991இல் விற்பனைக்கு வந்தது. போனில் இருப்பதில் கோபால்ட்டு உண்டு, அதற்கு விலையும் உண்டு. ஆனால் சூரிய மின்னுக்கு இப்போது அதிகமாக வரும் லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகையில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. ஈயப் பற்றரிக்குப் பதிலாக அது வருவது நம் கிணறுகளுக்கு நல்லது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அது பழுதாகும்போது வாசலுக்கு ஒரு வியாபாரியும் வரமாட்டார். ஐரோப்பியச் சட்டம் லித்தியத்தை 2027 முடிவில் 50 சதவீதமும் 2031 முடிவில் 80 சதவீதமும் மீட்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது, சந்தை தானாக அதைச் செய்யாது என்பதால்தான். நீங்கள் அடுத்ததாக லித்தியம் வாங்குவதானால், பழுதானதைத் திரும்ப எடுப்பீர்களா என்று வாங்கும் முன்பே கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

உங்கள் இழுப்பறையிலுள்ள வீங்கிய போன் பற்றரியை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய தகரப் பேணியில் தனியே வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். உரிமம் பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும். டோர்ச் பற்றரிகளை எரிக்காமல், முனைகளுக்கு டேப் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலில் சேருங்கள்.

நான்கு பெரிய பற்றரிகளையும் நிமிர்த்தியபடியே, தரையில் படாமல் பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள். கசிவு தெரிந்தால் அப்பச்சோடாவைத் தூவி, நுரை அடங்கியபின் கையுறை போட்டுத் துடையுங்கள். புதியதை வாங்கும் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: பழையதை யாருக்கு அனுப்புகிறீர்கள், அவருக்குச் சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் இருக்கிறதா? திருப்தியான பதில் தருகிற கடைக்கே, வாசலில் கிடைப்பதைவிடக் குறைவாகக் கழித்தாலும், கொடுங்கள். கொடுக்கும்போது அசிட்டை வடிக்க விடாமல், நான்கு பற்றரி, அசிட்டோடு, இத்தனை கிலோ என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.